காரை அறுத்தவள்

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பட்டறைகளில் போய் ஜெசிந்தா என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, ரேஸ் காரை அறுத்துதே, அந்தப் பொம்பளையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒருத்தன் தலையில் கை வைத்து, மறை கழன்ற கேஸ் என்று சைகை காட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுத்தாள், சரி. ஏன் அறுத்தாள் என்று ஒரு பயலாவது கேட்டானா? கேட்டிருந்தால் என் பேர் வெளியே வந்திருக்கும். என் பேர் வல்லரசு. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராகப் பதினாலு வருஷமாக இருக்கிறேன். காலேஜ் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். அந்தக் காரில் ஓட்டை போட்டவன் நான்தான். இதை இனிமேலும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்க என்னால் ஆகாது.

முதலில் ஜெசிந்தா யார் என்று சொல்லிவிடுகிறேன். செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா தேவசகாயம் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவார், பிடுங்க ஒன்றும் இல்லாத மாதங்களில் செங்கல் சூளைக்குப் போவார். பத்தாவது முடித்ததும் இவள் தானாகவே பஸ் ஏறி ஐ.டி.ஐ.க்குப் போய் வெல்டர் பிரிவு வேண்டும் என்று நின்றிருக்கிறாள். அங்கிருந்த கிளார்க், "தையல் எடும்மா, கல்யாணத்துக்கு அப்பறம் ஒதவும்" என்றாராம். "தையல் எங்கம்மாவுக்கே தெரியும் சார். அதுக்கு எதுக்கு நான் பஸ் புடிச்சி வரணும்?" என்று கேட்டிருக்கிறாள். முப்பத்தொரு பையன்களுக்கு நடுவில் ஒருத்தியாக உட்கார்ந்து படித்து முடித்தாள். இப்போது முப்பத்தாறு வயது. வீட்டுக்காரன் இனியவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அவளிடம் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

மரக்காணம் ரோட்டில் முத்துசாமி என்பவரின் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாள். கோபக்காரி. ஒரு முறை கல்யாண மண்டபத்துக்குச் செய்த பெரிய கேட்டில், இன்னொரு ஆள் வைத்த பற்று சரியாகப் பிடிக்கவில்லை. அவன் அதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து மறைத்துவிட்டான். கேட்டை வாங்க வந்த ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே ஜெசிந்தா சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டாள். பட்டி உதிர்ந்து, கேட் இரண்டாகப் பிளந்து நின்றது. முத்துசாமிக்கு உயிரே போய்விட்டது. "பட்டி பூசி மூடறதுக்கு வெல்டரு எதுக்கு? பெயின்டரையே வச்சிக்க வேண்டிதுதானே" என்று முதலாளி முகத்துக்கு நேராகக் கத்தினாள். அவளை வேலையை விட்டு நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல் பற்றவைக்கத் தெரிந்த கை அந்த ரோட்டிலேயே அவளுடையது மட்டும்தான்.

அந்தக் கையைத் தேடித்தான் நாங்கள் போனோம். எங்கள் காலேஜ் பிள்ளைகள் ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் ஒன்று செய்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின், நாலு சக்கரமும் வெளியே தெரியும், நடுவில் ஓட்டுகிறவர் மட்டும் படுத்த வாக்கில் உட்கார வேண்டும். காலேஜ்களுக்கு நடுவே மூன்று சுற்றுப் போட்டி. ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று, பொங்கல் முடிந்து கடைசி ஒன்று. மூன்றிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி யார் முதல் என்று சொல்வார்கள். படம் வரைவதும் கணக்குப் போடுவதும் பிள்ளைகள். குழாய்களைப் பற்றவைத்தது ஜெசிந்தா.

காரை ஓட்டுகிறவள் ஆர்த்தி, மெக்கானிக்கல் நாலாம் வருஷம். பனமலைப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடும் குடும்பம். எடை நாற்பத்தைந்து கிலோ என்பதால்தான் முதலில் அவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மற்ற பையன்கள் பிரேக்கைத் தொடுகிற இடத்தில் இவள் தொடுவதே இல்லை என்று. பேயாட்டம் ஓட்டுவாள்.

ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் வில்லாக வளைந்து நிற்கும். அதை ஹூப் என்பார்கள். கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் முதலில் தரையில் மோதுவது அதுதான். அது நின்றால் தலை பிழைக்கும், மடிந்தால் கழுத்து போகும். அதனால் அது ஒட்டுப் போடாத ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்பது விதி. ஜெசிந்தா ஆர்த்தியை ஹெல்மெட்டோடு காருக்குள் உட்கார வைத்து, இந்தப் பின் ஹூப்பிலிருந்து ஸ்டீயரிங் பக்கம் இருக்கும் சின்ன முன் ஹூப்புக்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நீட்டிப் பிடித்து, குச்சிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே மூன்று விரல் போகிறதா என்று பார்ப்பாள். "நிமுந்து ஒக்காருடி. ரேஸ்ல கூனிக்கினா போவ?" என்பாள். மூன்று விரல் போகவில்லை என்று ஒரு தடவை முழு ஹூப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, சென்னைக்கு ஆள் அனுப்பிப் புதுசாக வளைத்து வரச் சொன்னாள். நான்கு நாள் போயிற்று. அன்றைக்கு நான் அவளைத் திட்டினேன்.

முதல் சுற்றில் இருபத்திரண்டு கார்களில் ஏழாவது. இரண்டாவது சுற்றில் மூன்றாவது! அதற்கு முன் எங்கள் காலேஜ் கார் மூன்று தடவை போட்டிக்குப் போய் மூன்று தடவையும் தள்ளிக்கொண்டு வந்த கார். கடைசிச் சுற்றில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மொத்தத்தில் முதலிடம். அதைப் பார்க்க ஒரு வண்டிக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாகவும், நன்றாக ஓட்டுகிற, காரைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளைகளை அங்கேயே வேலைக்கு எடுப்பதாகவும் சொன்னார்கள். ஆர்த்தி அதைத்தான் மனசில் வைத்திருந்தாள்.

இங்கேதான் எங்கள் காலேஜ் சேர்மனுக்கு ஆசை வந்தது. காரை விழுப்புரத்தில் ஊர்வலம் விட வேண்டும், நான்குமுனை சந்திப்பிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும். காருக்கு மேலே அவருடைய அப்பா, அதாவது காலேஜைத் தொடங்கிய பெரியவரின் படம் இருக்க வேண்டும். இரும்புச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, இரண்டடிக்கு ஒன்றரை அடிப் படம். சேர்மனுக்கு எடுபிடியாக இருக்கும் பி.ஆர்.ஓ. முருகையன் அதை ஹூப்பில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன். மாலை போட்டதும் கனம் தாங்காமல் படம் முன்னால் சாய்ந்தது.

"யோவ், பெரியவர் தலை குனியறாருய்யா! அபசகுனம்யா! சேர்மன் பாத்தாருன்னா உன் தலையும் போச்சு, என் தலையும் போச்சு" என்று முருகையன் குதித்தார். "போல்ட்டு போட்டு டைட் பண்ணு. ஜல்தி."

"சார், அந்தக் குழாயில ஓட்டை போடக் கூடாது சார். கிளாம்பு போடறேன்."

"ஏன், போட்டி நடத்தறவங்களே அதுல ஓட்டை போட்டு அளக்கறாங்கன்னு பசங்க சொன்னானுங்களே?"

அது வேறு. குழாயின் தடிமனை அளக்க, அவர்கள் சொல்லும் இடத்தில், ஒரு பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு துளை. இவர் கேட்பது தோள் உயரத்தில், இரண்டு காலிலும், இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரும் பத்து மில்லிமீட்டர் ஓட்டை. எனக்கு வித்தியாசம் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தைக்கு மேல் நான் வாதாடவில்லை. டிரில்லை எடுத்தேன், கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. படம் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நின்றது.

ஊர்வலம் அமர்க்களம். குட்டியானை வண்டியில் கார், காருக்கு மேல் பெரியவர், முன்னால் பட்டாசு, இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ். அந்த ஃப்ளெக்ஸில் சேர்மன் படம் பெரிசு, ஆர்த்தி படம் ரேஷன் கார்டு அளவு. ஜெசிந்தா பேர் எதிலும் இல்லை. மறுநாள் படத்தைக் கழற்றி ரிசப்ஷனில் மாட்டிவிட்டார்கள். "அந்த ஓட்டைய அடைச்சி பெயின்ட்டு அடிச்சிடுய்யா" என்றார் முருகையன். பிள்ளைகள் ஊர்வலத்துக்கு முன்பே பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டதால் யாரும் ஓட்டையைப் பார்க்கவில்லை. நான் பட்டி குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கருப்புப் பெயின்ட் அடித்தேன். கையால் தடவினால்கூடத் தெரியாது. நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன், வெட்கம் கெட்டவன்.

முழுச் சோதனை முதல் சுற்றிலேயே முடிந்து காரில் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. கடைசிச் சுற்றில் பிரேக்கும் சத்தமும்தான் பார்ப்பார்கள். ஆகையால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கடைசிச் சுற்று நடக்கும் கோயம்புத்தூருக்கு வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை பார்த்தால் சைலன்ஸரைத் தாங்கும் சின்னத் தகடு விட்டுப்போயிருந்தது. அது ஹூப்பின் இடது காலில், நான் ஓட்டை போட்ட இடத்துக்கு நாலு விரல் கீழே இருந்தது. காரை ஏற்றிக்கொண்டு நானும் ஆர்த்தியும் திண்டிவனம் போனோம். போகிற வழியெல்லாம் ஹூப்பின் அந்தக் காலைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஜெசிந்தா தகட்டைப் பற்றவைக்க ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நிறுத்தினாள். முகமூடியைத் தூக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். பட்டி கருகினால் ஒரு நாற்றம் வரும், பட்டறையில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மேலே பெயின்ட் கொப்புளித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினாள், பட்டி உதிர்ந்தது. ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டாள், மறுபக்கம் முனை வெளியே வந்தது. எழுந்து சுற்றி வந்து வலது காலிலும் அதே உயரத்தில் சுரண்டினாள்.

"யாரு போட்டது?"

நான் உதிர்ந்து கிடந்த பட்டியைக் காலால் ஒதுக்கினேன்.

"வல்லரசுண்ணா, உன்னத்தான் கேக்கறேன். யாரு போட்டது?"

"நான்தாம்மா. ஊர்வலத்துக்கு... பெரியவர் படம் மாட்டறதுக்கு..."

"படமா?" அவள் குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு வெடித்தது. "இது இன்னாது, உங்க வூட்டுச் செவுரா, ஆணி அடிச்சி படம் மாட்டறதுக்கு? இதுக்குக் கீழ ஒரு பொண்ணு ஒக்காந்துக்கினு நூறு கிலோமீட்டர்ல போவுதுய்யா! போட்டதும் போட்டுட்டு, பட்டி பூசி மூடி எடுத்தாந்து எங்கிட்டயே குடுக்கறியா? நீ மனுசன்தானா? சோறுதான் துன்றியா?"

ஆர்த்தி ஓட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

ஹூப்பை மாற்றுவதுதான் ஒரே வழி என்றாள் ஜெசிந்தா. சென்னையில் குழாய் வளைத்து வர, பற்றவைக்க, நான்கு நாள். வியாழக்கிழமைக்குள் ஆகாது. நான் முருகையனுக்குப் போன் போட்டேன். அரை மணியில் காரில் வந்து இறங்கினார், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

"ஏம்மா, ஓட்டை மேல வெல்டு வச்சி மூடிடேன். உன் கைக்கு அது ஒரு மேட்டரா?"

"மூடலாம் சார். பாக்க அழகா இருக்கும். கவுந்தா அங்கதான் மடியும்."

"கவுந்தாதானே? ரெண்டு ரேஸ் ஓடியிருக்குது, எங்கனா கவுந்துச்சா?"

"கவுந்த அப்பறம் உனுக்கு சொல்லி அனுப்பட்டுமா?"

முத்துசாமி குறுக்கே வந்தார். "ஜெசிந்தா, காலேஜ் வேல நமக்கு வருசம் பூரா வருது. பேஜார் பண்ணாத. சொன்னத செஞ்சிக் குடு."

"செய்ய மாட்டேன்."

முருகையன் ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "காரை ஏத்துய்யா. விழுப்புரத்துல நூறு பட்டறை கீது. ஒரு மணி நேரத்துல அடைச்சிக் குடுப்பான். சேர்மன் நேரா கோயம்புத்தூர் வர்றாரு, ஊரு பூரா ஃப்ளெக்ஸ் வச்சாச்சு. இந்த அம்மாகிட்ட நின்னு பேசிக்கினு இருக்க நேரம் இல்ல."

ஆர்த்தி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போவுதுக்கா. நான் பாத்து ஓட்டறேன். கவுக்க மாட்டேன், சத்தியமா. எனக்கு இந்த ஒரு ரேஸ்க்கா. இது போனா எனக்கு ஒண்ணுமே இல்லக்கா."

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். பாத்து ஓட்டறேன் என்று சொல்கிறவள் எப்படி ஓட்டுவாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையை விடுவித்துக்கொண்டாள். மூலைக்குப் போய்க் கட்டிங் மிஷினை எடுத்தாள். தகட்டைத்தான் ஏதோ செய்யப்போகிறாள் என்று நினைத்தோம். நேராக ஹூப்பின் இடது காலில், ஓட்டையின் மேலேயே வைத்தாள். பொறி பறந்தது. முருகையன் இரண்டெட்டு பின்னால் குதித்தார், சட்டையில் பொட்டுப் பொட்டாகப் பொசுங்கியது. "ஏய்! ஏய்! புடிங்கய்யா அவளை!" யார் பிடிப்பது? இடது கால் அறுந்தது. வலது காலுக்குப் போனாள். முத்துசாமி ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மிஷின் பாதிக் குழாயில் நின்றுபோயிற்று.

அவள் மிஷினைக் கீழே வைத்துவிட்டு ஆக்ஸா பிளேடை எடுத்தாள். மீதிக் குழாயைக் கையால் அறுக்க ஆரம்பித்தாள். முருகையன் கத்துகிறார், முத்துசாமி தலையில் அடித்துக்கொள்கிறார், ஆர்த்தி அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்து இழுக்கிறாள். ஜெசிந்தா அந்த இழுப்புக்கு ஆடி ஆடி அறுத்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஹூப் டங்கென்று சிமென்ட் தரையில் விழுந்தது.

"இப்ப ஏத்திக்கினு போங்க. எவன் அடைக்கறான்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

அன்றைக்கே முத்துசாமி அவளை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருஷ வேலை. வியாழக்கிழமை கோயம்புத்தூருக்கு எங்கள் கார் போகவில்லை. வேறொரு காலேஜ் முதல் இடத்தை அடித்துக்கொண்டு போயிற்று. அறுந்த ஹூப்பை முருகையன் கையோடு எடுத்துப்போய்க் காயலான் கடையில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் காலேஜ் ஆபீசிலிருந்து கையெழுத்துக் கேட்டு எனக்கு ஒரு காகிதம், ஆர்த்திக்கு ஒரு காகிதம். "காரின் ஹூப் எந்தக் குறையும் இன்றி நல்ல நிலையில் இருந்தது, மேற்படி பெண் ஆத்திரத்தில் சேதப்படுத்தினார்." படித்துப் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். ஆர்த்தியும் போட்டாள். அவளுக்குக் கடைசி வருஷ புராஜெக்ட் மார்க் அவர்கள் கையில். எனக்கு என்ன? வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பினார்கள். திண்டிவனத்தில் அதற்கப்புறம் ஒரு பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. தினமும் பஸ் ஏறி விழுப்புரம் போய், ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பற்றுவைக்கிறாள் என்று இனியவன் சொன்னான்.

ஏப்ரலில் ஆர்த்தி என்னிடம் வந்தாள். அந்த வண்டிக் கம்பெனி ஆள் எடுக்க எங்கள் காலேஜுக்கு வரவே இல்லை. வேறு எங்கேயும் அவளுக்கு வேலை அமையவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "அந்தக்கா எங்க இருக்காங்க சார்? எனக்கு அவங்கள நேர்ல நாலு வார்த்தை கேக்கணும்." நானே அவளை அழைத்துப்போனேன். ஜெசிந்தா முன்னால் தனியாகப் போய் நிற்க எனக்குத் துணிவு இல்லை.

ஷெட்டில் எங்களைப் பார்த்ததும் அவள் முகமூடியைக் கழற்றினாள். நான் முந்திக்கொண்டேன். "ஜெசிந்தா, நான் கையெழுத்துப் போட்டது..."

"தெரியும். உன் கையெழுத்த ஊரே பாத்துச்சு. உங்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல, தள்ளி நில்லு." நான் தள்ளி நின்றேன்.

ஆர்த்தி ஆரம்பித்தாள். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். "என் தலைதானே? போயிருந்தா என் தலைதானே போயிருக்கும்? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? ஓட்டை போடறப்ப அவங்க என்னைக் கேக்கல. அறுக்கறப்ப நீயும் கேக்கல. நீயும் அவங்களும் ஒண்ணுதான்! நாலு வருசம் ஒழைச்சது அஞ்சு நிமிசத்துல போச்சு. உன்னாலதான் நான் இப்ப எவன் முன்னாலயோ காபித் தட்டத் தூக்கிக்கினு நிக்கறேன்!"

"கேக்கல" என்றாள் ஜெசிந்தா. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் பட்டறைக் குரல்தான். "கேட்டா நீ போறேன்னுதான் சொல்லுவ. அன்னிக்கே சொன்ன. உன் ரேஸ நான்தான் கெடுத்தேன். உன் வேலையயும் நான்தான் கெடுத்தேன். இல்லன்னு சொல்லல. திட்டு. நல்லா திட்டு. உசுரோட வந்து நின்னு திட்டற பாரு, அதுக்குத்தாண்டி அறுத்தேன்."

அதற்காகவும் சேர்த்து ஆர்த்தி திட்டினாள். ஜெசிந்தா கையுறையைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல், அவள் முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்று கேட்டாள்.